ஸ்டெயின்ஸ்;கேட் தொடரின் சிறப்புப் பதிப்புகளைச் சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜப்பானிலிருந்து வந்த என் முதல் ஸ்டெயின்ஸ்;கேட் வீடியோ விளையாட்டுப் பெட்டியைத் திறந்தபோது டிஸ்க் இருந்தது, கையேடு இருந்தது, வெளி உறைகூடப் புதுசாக மின்னியது. இசைத்தட்டு இருக்க வேண்டிய அட்டைப் பள்ளம் மட்டும் காலி. விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று கொதித்தேன். அப்புறம் விற்பனைக் குறிப்பை நிதானமாக மொழிபெயர்த்துப் பார்த்தால், 'டொகுடென் நாஷி' என்று தெளிவாகவே எழுதியிருந்தார். இணைப்புப் பொருள்கள் இல்லை என்று அர்த்தம். படிக்கத் தெரியாமல் பணம் கட்டியது நான்தான்.

இந்தத் தொடரைச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் ஏமாற்றப்படுவதில்லை, தாங்களாகவே ஏமாறுகிறார்கள். பெட்டிக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்பது தெரியாமல் பெட்டியை வாங்குவதுதான் காரணம். அதனால் இந்த வழிகாட்டியில் கடைகள் பின்னால்தான் வரும்.

படி 1: தொடரின் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்டெயின்ஸ்;கேட் தனி விளையாட்டு அல்ல. நைட்ரோபிளஸ், ஃபைவ்பிபி என்ற இரு ஜப்பானிய நிறுவனங்கள் தொடங்கிய 'சயின்ஸ் அட்வென்ச்சர்' வரிசையில் அது இரண்டாவது. முதலில் வந்தது கேயாஸ்;ஹெட், 2008 ஏப்ரலில், விண்டோஸ் கணினிக்கு. அதையே விரிவாக்கி 'நோவா' என்ற பெயரில் 2009 பிப்ரவரியில் எக்ஸ்பாக்ஸ் 360-க்குக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 15 அன்று, அதே கன்சோலில் ஸ்டெயின்ஸ்;கேட். டோக்கியோவின் அகிஹபாரா பகுதியில் ஒரு மாடி அறையில் மைக்ரோவேவ் அடுப்பை வைத்துக் கடந்த காலத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் கூட்டத்தின் கதை. பிறகு 2012-ல் ரோபோடிக்ஸ்;நோட்ஸ், 2014-ல் கேயாஸ்;சைல்ட், 2015-ல் ஸ்டெயின்ஸ்;கேட் ஜீரோ, 2022-ல் அனானிமஸ்;கோட். 2017-ல் வந்த ஆக்கல்ட்டிக்;நைனையும் நான் இந்த அலமாரியிலேயே வைக்கிறேன். பெயருக்கு நடுவே அரைப்புள்ளி இருந்தால் எனக்குப் போதும்.

இவற்றைச் சுற்றிக் கிளைகள் வேறு. ஸ்டெயின்ஸ்;கேட்டுக்கு மட்டும் காதல் நகைச்சுவைக் கிளை ஒன்று, சிறுகதைத் தொகுப்பு போன்ற கிளை ஒன்று, பழைய கணினி விளையாட்டு பாணியில் 2011-ல் வந்த '8பிட்' ஒன்று, அனிமேஷன் காட்சிகளை வைத்தே திருப்பிச் செய்த 'எலீட்' ஒன்று. இதில் ஒரு பொறி இருக்கிறது. எலீட்டின் நின்டெண்டோ ஸ்விட்ச் பதிப்போடு இலவச இணைப்பாக ஒரு 8-பிட் விளையாட்டு வந்தது. அது 2011-ல் வந்தது அல்ல, புதிதாகச் செய்தது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் இரண்டையும் குழப்பி விற்பவர்கள் உண்டு, வாங்குபவர்கள் அதைவிட அதிகம்.

விளையாட்டு ஒவ்வொன்றும் பல கன்சோல்களுக்குப் போயிருக்கிறது. ஒவ்வொரு கன்சோலுக்கும் சாதாரணப் பதிப்பு, சிறப்புப் பதிப்பு, பின்னாளில் மலிவு விலைப் பதிப்பு என்று தனித்தனி. பெருக்கிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

படி 2: ஒரு நூலை மட்டும் பிடியுங்கள்

எல்லாவற்றையும் சேர்க்கிறேன் என்று கிளம்பிய நண்பர்கள் எனக்கு உண்டு. ஆறு மாதத்தில் ஆர்வம் வடிந்து, பாதிப் பெட்டிகளை விற்றுவிட்டார்கள். முடிக்கக்கூடிய ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்கு நான் சொல்வது ஆங்கிலப் பதிப்பு வரிசை. ஒரு முடிவு கண்ணுக்குத் தெரியும், வாங்கியதைப் படிக்கவும் முடியும். இதன் தொடக்கம் ஜாஸ்ட் யுஎஸ்ஏ நிறுவனம் 2014 மார்ச் 31-ல் கணினிக்கு வெளியிட்ட ஸ்டெயின்ஸ்;கேட். 2015-ல் பிக்யூப் நிறுவனம் அதை பிளேஸ்டேஷன் 3-க்கும் வீட்டா என்ற கையடக்கக் கன்சோலுக்கும் கொண்டுவந்தது. அதே நிறுவனம் 2016 நவம்பரில் ஸ்டெயின்ஸ்;கேட் ஜீரோவை வெளியிட்டபோது சிறப்புப் பெட்டிக்கு 'அமடேயஸ் எடிஷன்' என்று பெயர் வைத்தது. கதை தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயர் நெஞ்சில் கொஞ்சம் குத்தும். 2017-ல் கேயாஸ்;சைல்ட். அதற்குப் பின் ஸ்பைக் சுன்சாஃப்ட் நிறுவனத்தின் கைக்கு வந்தது: 2019 பிப்ரவரியில் எலீட், 2020 அக்டோபரில் ரோபோடிக்ஸ்;நோட்ஸ் இரட்டைத் தொகுப்பு, 2022 அக்டோபரில் ஸ்விட்சுக்கு கேயாஸ்;ஹெட் நோவாவும் கேயாஸ்;சைல்டும் சேர்ந்த இரட்டைத் தொகுப்பு, 2023 செப்டம்பரில் அனானிமஸ்;கோட்.

இந்தக் கடைசி இரட்டைத் தொகுப்புக்கு ஸ்டீல்புக் என்ற உலோகப் பெட்டியோடு வந்த வெளியீட்டுப் பதிப்பு உண்டு. பழைய கதையை 14 ஆண்டுகள் கழித்து முதன்முறை அதிகாரபூர்வமாக ஆங்கிலத்தில் கொண்டுவந்த பெட்டி என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பாசம். 2008-ன் மூல கேயாஸ்;ஹெட்டோ இன்றுவரை அதிகாரபூர்வ ஆங்கிலம் பார்க்காதது. அதன் ஜப்பானியப் பெட்டியை வாங்குபவர் அழகுக்காகத்தான் வாங்குகிறார்.

இரண்டாவது வழி, ஒரே விளையாட்டின் எல்லாப் பதிப்பும். மூன்றாவது வழி, ஜப்பானிய முதல் பதிப்புகள் மட்டும். மூன்றாவதுதான் செலவு அதிகம், சுவையும் அதிகம். ஓவியர்கள் ஹ்யூகே, முட்சுமி சசாகி இருவரின் அட்டைப் படங்களைப் பெரிய அளவில் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை. பின்வரும் படிகள் பெரும்பாலும் அதற்குத்தான்.

படி 3: ஒன்பது ஜப்பானியச் சொற்கள்

மொழி கற்க வேண்டாம். இந்தச் சொற்களை மொழிபெயர்ப்புச் செயலியில் பேசிக் காட்டி, திரையில் வரும் ஜப்பானிய எழுத்தைப் படம் பிடித்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். கோலத்தைப் பார்த்து மனதில் பதிய வைப்பது போல வடிவத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்.

'ஷோகாய் கென்தேய்பான்' என்றால் முதல் அச்சில் மட்டும் வரும் சிறப்புப் பதிப்பு. 'ட்சூஜோபான்' சாதாரணப் பதிப்பு. இரண்டுக்கும் அட்டைப்படம் பல சமயம் ஒன்றே, ஆகவே சொல்லைத்தான் நம்ப வேண்டும். 'டொகுடென்' என்பது இணைப்புப் பொருள். அதோடு 'ட்ஸுகி' ஒட்டியிருந்தால் உண்டு, 'நாஷி' ஒட்டியிருந்தால் இல்லை. 'மிகாய்ஃபூ' என்றால் பிரிக்காதது. 'சூகோ' பழையது. 'ஜங்க்' என்றிருந்தால் ஓடும் என்ற உத்தரவாதமே கிடையாது, திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

கடைசிச் சொல் 'ஒபி'. அட்டையின் முதுகில் அல்லது குறுக்கே சுற்றியிருக்கும் மெல்லிய காகிதப் பட்டை. புத்தகத்துக்கும் இசைத்தட்டுக்கும் ஜப்பானில் இது வழக்கம். கிழிந்தால் ஒட்ட முடியாது, தொலைந்தால் தனியாகக் கிடைக்காது. இசைத்தட்டு சேர்ப்பவர்கள் ஒபி இல்லாததை அரை மனதோடுதான் வாங்குவார்கள்.

'டொகுடென்' பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் விழுந்த குழி இது. இணைப்புப் பொருளில் இரண்டு வகை. ஒன்று, பெட்டிக்குள்ளேயே வருவது: ஓவியப் புத்தகம், ஒலி நாடகத் தட்டு, உலோக பேட்ஜ் போன்றவை. இன்னொன்று 'டென்போ டொகுடென்', அதாவது கடை இணைப்பு. முன்பதிவு செய்தவர்களுக்கு அனிமேட் ஒரு படம், சோஃப்மேப் ஒரு அட்டை, கேமர்ஸ் இன்னொன்று என்று கடைக்குக் கடை வேறு வேறாகத் தரும். இவை பெட்டியின் பகுதி அல்ல. 'முழுத்தொகுதி' என்று விற்கப்படும் பெட்டியில் கடை இணைப்பு இல்லை என்று சண்டைக்குப் போகக்கூடாது. எல்லாக் கடையின் இணைப்பையும் சேர்க்கிறேன் என்று இறங்குவது வேறு நோய். அதற்கு இந்த வழிகாட்டியில் மருந்து இல்லை.

ஸ்டெயின்ஸ்;கேட் பொருள்களில் அடிக்கடி கண்ணில் படுவது ஆய்வக உறுப்பினர் பேட்ஜ். கதையில் வரும் எட்டு உறுப்பினர்களின் முதலெழுத்தும் 2010 என்ற ஆண்டும் அதில் பொறித்திருக்கும். இதைத் தனிப் பொருளாகவும் விற்றிருக்கிறார்கள். பழைய பெட்டியில் இருக்கும் பேட்ஜ் அந்தப் பெட்டியோடு வந்ததுதானா, பின்னால் வாங்கி உள்ளே போட்டதா என்று ஒரு கணம் சந்தேகப்படுவது நல்லது.

படி 4: பார்கோடு பட்டியல் போடுங்கள்

ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஜப்பானில் விற்கும் ஒவ்வொரு பெட்டியின் பின்னாலும் 13 இலக்கப் பார்கோடு எண் இருக்கும். 45 அல்லது 49-ல் தொடங்கும். சிறப்புப் பதிப்புக்கு ஓர் எண், சாதாரணப் பதிப்புக்கு வேறு எண், மலிவுப் பதிப்புக்கு மூன்றாவது எண். பெயரைத் தட்டித் தேடினால் நூறு குப்பை வரும், எண்ணைத் தட்டினால் அந்த ஒரே பதிப்பு வந்து நிற்கும். இந்தத் தொடருக்கு இது இன்னும் முக்கியம். சில தேடல் பெட்டிகள் நடுவில் இருக்கும் அரைப்புள்ளியை விழுங்கிவிடும், சில அதைப் பார்த்துத் திணறும். விற்பவர்களில் பாதிப் பேர் ஆங்கில எழுத்திலும் மீதிப் பேர் கதகனா என்ற ஜப்பானிய எழுத்திலும் பெயர் போடுவார்கள். எண்ணுக்கு இந்தத் தகராறு எதுவும் இல்லை.

ஒரு ஷீட் திறந்து, ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். கன்சோல், வெளியான நாள், பார்கோடு, பெட்டிக்குள் இருக்க வேண்டியவை, நான் தரத் தயாராக இருக்கும் உச்ச விலை. உள்ளடக்கத்தை வெளியீட்டாளரின் அக்காலப் பக்கத்திலிருந்தே எடுங்கள். பக்கம் அழிந்திருந்தால் இணைய ஆவணக் காப்பகத்தில் பழைய பிரதி கிடைக்க வாய்ப்பு உண்டு. விற்பவர் எழுதியதை வைத்து உள்ளடக்கப் பட்டியல் போடாதீர்கள். அவரிடம் இல்லாத பொருள் அவர் பட்டியலில் ஏன் வரப்போகிறது?

உச்ச விலையை முன்னரே எழுதி வைக்கச் சொல்வதற்குக் காரணம், ஏலம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது மனிதனுக்குப் புத்தி வேலை செய்வதில்லை.

படி 5: எங்கே தேடுவது

மண்டராகே, சுருகயா, அமிஅமி, லஷின்பான், புக் ஆஃப். பழைய பொருளுக்கு ஜப்பானில் கடைப்பெயர் என்று கேட்டால் இவைதான் முதலில் வரும். நேரில் போக வாய்த்தால் டோக்கியோவில் நகானோ பிராட்வே, அகிஹபாராவின் எட்டு மாடி மண்டராகே, அப்புறம் ரேடியோ கைகான். கதையில் செயற்கைக்கோள் மோதி நிற்பது இந்த ரேடியோ கைகான் மேல்தான். கதை நடந்த பழைய கட்டடம் இடிக்கப்பட்டு, புதியது 2014-ல் திறந்தது. மனதுக்குள் கொஞ்சம் வலிக்கும், ஆனாலும் வாசலில் நின்று மேலே பார்க்காமல் வர முடியாது.

வீட்டிலிருந்து வாங்குபவர்களுக்கு அமிஅமியின் தரக்குறி பழக எளிது. பொருளுக்குத் தனி மதிப்பெண், பெட்டிக்குத் தனி மதிப்பெண். பொருள் ஏ, பெட்டி பி என்றிருந்தால் உள்ளே நன்றாக இருக்கிறது, அட்டை அடிபட்டிருக்கிறது. ஆனால் சிறப்புப் பதிப்பில் பெட்டியே பாதிப் பொருள். விளையாட விரும்புபவருக்கு அது லாபம், அலமாரிக்கு வாங்குபவருக்கு நஷ்டம்.

தனிநபர் விற்பனைக்கு மெர்காரி, யாஹூ ஏலம் ஆகிய தளங்கள். விலை குறைவு, அபாயம் கூடுதல். தனிநபரிடம் வாங்கும்போது படங்களை எண்ணுங்கள். முன்பக்கப் படம் ஒன்றே ஒன்று போட்டவரிடம் நான் வாங்குவதில்லை. எனக்கு வேண்டியவை ஐந்து: பின்புறப் பார்கோடு, நான்கு மூலைகள், டிஸ்க்கின் அடிப்பக்கம், உள்ளடக்கம் எல்லாவற்றையும் பரப்பி வைத்த படம், அட்டையின் முதுகு. ஜப்பானியப் பெட்டியின் முதுகில் வயதுத் தரத்துக்கான வண்ணப் பட்டை இருக்கும். வெயிலில் நின்ற பெட்டி முதலில் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். முதுகு வெளுத்து முன்பக்கம் பளிச்சென்று இருந்தால், ஜன்னலோர அலமாரியில் வருடக்கணக்கில் நின்றது என்று பொருள்.

போலி பற்றியும் ஒரு வார்த்தை. வண்ண அச்சு எடுத்து மாட்டிய மாற்று அட்டைகள் வீட்டா, ஸ்விட்ச் பெட்டிகளில் நிறைய சுற்றுகின்றன. செய்பவர்கள் அழகுக்காகச் செய்கிறார்கள். கைமாறிக் கைமாறி யாரோ ஒருவர் அதை அசல் என்று விற்றுவிடுகிறார். வயதுத் தர முத்திரையைப் பாருங்கள். ஜப்பானுக்குச் செரோ, வட அமெரிக்காவுக்கு ஈஎஸ்ஆர்பி, ஐரோப்பாவுக்குப் பெகி. முத்திரை ஒரு நாட்டுக்கும் பார்கோடு இன்னொரு நாட்டுக்கும் இருந்தால் விலகுங்கள்.

படி 6: வாங்கித் தருபவர், அனுப்புபவர், சுங்கம்

ஜப்பானிய தனிநபர் விற்பனையாளர் பெரும்பாலும் வெளிநாட்டுக்கு அனுப்பமாட்டார். நடுவில் பையீ, ஜென்மார்க்கெட், ஃப்ரம் ஜப்பான் போன்ற இடைநிலைச் சேவை தேவை. அவர்கள் தங்கள் கிடங்கு முகவரிக்கு வாங்கி, உங்களுக்கு அனுப்புவார்கள். விலையோடு சேவைக் கட்டணம், ஜப்பானுக்குள் கூரியர், பார்சல் கட்டும் கட்டணம், வெளிநாட்டுத் தபால் எல்லாம் கூடும். மலிவான பெட்டியில் இந்தக் கூடுதல்கள் பெட்டி விலையையே தாண்டிவிடும். அதனால் தனித்தனியாக அனுப்பச் சொல்லாமல் நான்கைந்து சேர்ந்ததும் ஒரே பார்சலாகக் கட்டச் சொல்லுங்கள். கிடங்கில் இலவசமாக வைத்திருக்கும் நாள்களுக்கு ஓர் எல்லை உண்டு, அதை காலண்டரில் குறித்து வையுங்கள்.

எடை குறைக்க வெளி அட்டையைக் கழற்றட்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். 'கூடுதல் பாதுகாப்புக் கட்டு' என்ற தேர்வு இருந்தால் அதற்குக் காசு கொடுங்கள்.

இந்தியாவுக்கு வரவழைப்பவர்கள் சுங்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் உச்ச விலை எழுதக்கூடாது. வரி, பொருளின் விலையோடு தபால் செலவையும் சேர்த்தே போடப்படும். கூரியரில் வந்தால் அடையாள ஆவணம் கேட்பார்கள், பணம் கட்டிய ரசீதையும் கேட்கலாம். ரசீதை முதல் நாளே கோப்பாகச் சேமித்து வையுங்கள். 'அன்பளிப்பு' என்று எழுதச் சொல்லும் குறுக்கு யோசனை எடுபடாது. தவிர, குறைத்து மதிப்பிட்ட பார்சல் வழியில் தொலைந்தால் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான் இழப்பீடு.

படி 7: ஓடுமா என்று யோசியுங்கள்

பிஎஸ்பி (பழைய கையடக்க பிளேஸ்டேஷன்), வீட்டா, பிளேஸ்டேஷன் 4, ஸ்விட்ச் ஆகியவற்றில் ஜப்பானியப் பிரதி நம் ஊர்க் கன்சோலிலும் ஓடும். எக்ஸ்பாக்ஸ் 360 அப்படியல்ல. அதில் நாட்டுப் பூட்டு டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும், விசாரிக்காமல் வாங்காதீர்கள். இணைப்பாக வரும் டிவிடிக்கும் ப்ளூ-ரேவுக்கும் மண்டலப் பூட்டு தனி. ஜப்பானிய டிவிடி மண்டலம் 2, இந்தியா 5. ப்ளூ-ரேவில் ஜப்பான் ஏ, இந்தியா சி. கன்சோலில் ஓடுவதும் மொழி புரிவதும் வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். 2022-ல் கேயாஸ் இரட்டைத் தொகுப்பு ஜப்பானிலும் வந்தது, மேற்கிலும் வந்தது. பெட்டியின் பின்னால் மொழி விவரம் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழைய பெட்டிக்குள் இருக்கும் பதிவிறக்கக் குறியீட்டுச் சீட்டுகளுக்குக் காசு தராதீர்கள். 'குறியீடு பயன்படுத்தப்படவில்லை' என்று விலையேற்றுபவர்கள் உண்டு. சீட்டுகள் காலாவதியாகும், கடைகளே மூடுகின்றன. எக்ஸ்பாக்ஸ் 360-ன் இணையக் கடை 2024 ஜூலை 29-ல் மூடப்பட்டது. பெட்டி முழுமையாக இருக்க அந்தச் சீட்டு வேண்டும், அவ்வளவுதான்.

எலீட் வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. மேற்கத்திய வெளியீட்டில் பிளேஸ்டேஷன் 4-க்கும் கணினிக்கும் இணைப்பாக வந்தது அந்தச் சிறுகதைத் தொகுப்புக் கிளை, அதாவது லீனியர் பவுண்டட் ஃபீனோகிராம். ஸ்விட்சுக்கு வந்தது மேலே சொன்ன 8-பிட் விளையாட்டு. இரண்டும் வேண்டும் என்றால் இரண்டு பதிப்பும் வேண்டும். வியாபாரிகள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

படி 8: வந்த அன்றும், அதற்குப் பிறகும்

பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். கத்தியை ஆழமாகச் செலுத்தாதீர்கள். அட்டைப்பெட்டியோடு சேர்த்து ஓவியப் புத்தகத்தின் மூலையை அறுத்தவர்கள் பட்டியலில் நானும் ஒருவன். உள்ளே உள்ளதை ஷீட்டோடு ஒப்பிட்டு அன்றே குறை இருந்தால் எழுதுங்கள். புகார் சொல்லும் கெடு ஓரிரு நாளில் முடிந்துவிடும் சேவைகள் இருக்கின்றன.

பிரிக்காத பெட்டியைப் பிரிப்பதா, அப்படியே வைப்பதா? என் கட்சி, பிரிப்பது. சுருங்கி ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறை வெப்பத்தில் இன்னும் இறுகி அட்டையை வளைக்கும். பெரிய, மெல்லிய பெட்டிகள் வில் மாதிரி ஆகிவிடும். உள்ளே ரப்பர் சாவிக்கொத்தோ மென்பிளாஸ்டிக் பொம்மையோ இருந்தால், அதிலிருந்து கசியும் பிசுபிசுப்பு பக்கத்தில் உள்ள காகிதத்தில் ஒட்டிக்கொள்ளும். பிரிக்காமல் வைத்தவருக்கு இது தெரியவே தெரியாது. பிரித்தால் பொம்மையைத் தனிப் பையில் போட்டு வைக்கலாம். மறுபடி விற்பதற்கென்றே வாங்குபவர் வேறு கணக்குப் போடுவார், அது அவர் பாடு.

கடலோர ஊர்க்காரர்களுக்குப் பெரிய எதிரி ஈரம். சென்னை மாதிரி ஊரில் நவம்பர், டிசம்பரில் மூடிய அலமாரிக்குள் காகிதம் பூஞ்சை பிடிக்கும், டிஸ்க்கின் கையேடு ஒன்றோடொன்று ஒட்டும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பைகள், ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு சிறு ஈரமானி. முள் 50 சதவீதத்தைச் சுற்றி நின்றால் நிம்மதி. நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகை ஜெல் என்றால் எப்போது மாற்றுவது என்று அதுவே சொல்லும். நாப்தலின் உருண்டை போடாதீர்கள், அது பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். வெயில் நேராகப் படும் சுவரில் அலமாரி வேண்டாம். டியூப் லைட்டுக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

மூலைகள் தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் நாமே. அடுத்தடுத்து இறுக்கி அடுக்கி, ஒன்றை உருவும்போது பக்கத்துப் பெட்டி உரசும். ஒவ்வொன்றுக்கும் தெளிவான பாலிப்ரொப்பிலீன் உறை போடுங்கள், வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் புரட்டிப் பாருங்கள்.

ஷீட்டில் கடைசியாக ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்னும் குறையும் பொருள். உதிரிப் பாகங்கள் தனியாகவும் விற்கப்படுகின்றன. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு இசைத்தட்டை மட்டும் வைத்திருந்தவர்கள், பேட்ஜை மட்டும் விற்பவர்கள் என்று பலர். சேமித்த தேடலில் அந்தச் சிறு பொருளின் பெயரைப் போட்டு அறிவிப்பு வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். என் முதல் பெட்டியின் காலிப் பள்ளம் நிரம்ப இரண்டு வருடம் மூன்று மாதம் ஆனது. தட்டு ஒபியோடு வந்தது.